சேலம் விஜயராகவாச்சாரியார்

சேர்வராயன் மலைக்குத் தெற்கே, திருமணிமுத்தாற்றின் கரையில் அமைந்தது சேலம் நகரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது பெரிய நகரமன்று. ஆயினும் மாவட்டத்தின் தலைநகராதலின், நீதிமன்றங்கள் அங்கே இருந்தன. வரப்புத் தகராறு, கடன் பத்திரம், பாகப் பிரிவினை என்று பலவகை வழக்குகளோடு திருச்செங்கோட்டிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் உழவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவர். அவர்களுக்காக வாதாடியோருள் பலர் இலண்டன் சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்றவரல்லர். இந்நாட்டிலேயே சட்டத் தேர்வில் தேறியவர். மக்கள் அவர்களைப் ‘பிளீடர்’ என்றழைத்தனர். அத்தகைய பிளீடர்களுள் ஒருவரே விஜயராகவாச்சாரியார்.

அவர் பிறந்தது சேலத்திலன்று. செங்கற்பட்டு மாவட்டத்துப் பொன்விளைந்த களத்தூரில் 1852ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் பிறந்தார். இளமையில் வடமொழி பயின்று, பன்னிரண்டு வயதிலேதான் ஆங்கிலக் கல்வியைத் தொடங்கினார். 1875இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் ஆசிரியராகிச் சேலம் நகராண்மைக் கல்லூரியில் ஆங்கிலமும் கணக்கும் கற்பித்தார். கற்பித்துக்கொண்டே, எந்தச் சட்ட வகுப்பிலும் சேராமல், தாமே சட்டநூல்களைப் பயின்று தேர்வெழுதித் தேறினார். 1881இல் வழக்குரைஞரானார், அடுத்த ஆண்டிலேயே நகராண்மைக் கழகத்தின் உறுப்பினருமானார்.

அந்த 1882ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சேலத்தில் இரு சமயத்தாரிடையே பெருங்கலகம் மூண்டது. பள்ளிவாசல் ஒன்று இடிக்கப்பட்டது, உயிர்களும் அழிந்தன. நகரின் வரலாற்றில் அது ஒரு துயர நிகழ்ச்சி. கலகத்தைத் தூண்டியவர்களுள் ஒருவர் என்று விஜயராகவாச்சாரியார்மீதும் குற்றஞ்சாட்டப்பட்டது. பத்தாண்டுச் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டது. தொழில் தொடங்கி ஓராண்டே ஆன முப்பது வயது இளைஞரின் வாழ்வு அத்தோடு முடிந்தது என்றே பலரும் எண்ணியிருப்பர். ஆனால் மேல்முறையீட்டில் அவர் குற்றமற்றவர் என்பது நிலைநாட்டப்பட்டு, விடுதலை கிடைத்தது.

விடுதலை பெற்றவர் பெரும்பாலும் வீடு சென்று அமைதியாக இருந்துவிடுவர். இவர் அவ்வாறு இருக்கவில்லை. இவரை நகராண்மைக் கழகத்திலிருந்து நீக்கி அரசாங்கம் ஆணை பிறப்பித்திருந்தது. அதே 1882ஆம் ஆண்டில்தான் இந்தியாவின் தலைமை ஆளுநர் ரிப்பன் பிரபு, ஊராட்சிப் பொறுப்பை மக்களிடமே ஒப்படைக்கவேண்டும் என்று தீர்மானம் வெளியிட்டிருந்தார் என்பதையும் இங்கே நினைத்தல் வேண்டும். விஜயராகவாச்சாரியார் தம்மை நீக்கியது செல்லாது என்று, இலண்டனிலிருந்த இந்திய மந்திரியையே பிரதிவாதியாக்கி வழக்குத் தொடுத்தார். இந்திய அரசின்மீது தொடுக்கப்படும் வழக்குகள் இந்திய மந்திரியின் பெயரிலேயே நடைபெற்றன. அரசாங்கம் செய்ததை நீதிமன்றம் விசாரிக்கலாமா என்பதே அதில் எழுந்த பெரிய வினா. சட்டம் வழங்கிய அதிகாரத்தைக்கொண்டு அரசாங்கம் ஒன்றைச் செய்யுமாயின், அச்சட்டத்தின் எல்லைக்குள் நின்று செய்ததா என்று நீதிமன்றம் பார்க்கலாம் என்பது முடிவாயிற்று. அவர் வென்றார். கிடைத்த இழப்பீடு நூறு ரூபாய்! தொகை சிறிதுதான். ஆனால் 1884ஆம் ஆண்டுச் சென்னைச் சட்ட அறிக்கையில் இடம்பெற்ற அவ்வழக்கைப் பிற்கால வழக்குரைஞர்கள் நெடுங்காலம் எடுத்துக்காட்டி வாதிட்டனர். கலக வழக்கில் தண்டனையடைந்து அந்தமானில் வருந்திய மற்றவர்களுக்காகவும் அவர் ரிப்பன் பிரபுவிடம் முறையிட்டு விடுதலை பெற்றுத் தந்தார். ‘தென்னாட்டுச் சிங்கம்’ என்று மக்கள் அவரைப் போற்றத் தொடங்கியது இதன் பின்னரே.

1885இல் பம்பாயில் கூடிய முதற் காங்கிரசு மகாசபைக்கு அவர் சென்றார். 1895 முதல் ஆறாண்டுகள் சென்னைச் சட்டமன்றத்திலும், 1913 முதல் 1916 வரை இந்தியப் பேரவையிலும் உறுப்பினராக விளங்கினார். 1920இல் நாகபுரியில் கூடிய காங்கிரசு மகாசபைக்குத் தலைமை தாங்கினார். ஒத்துழையாமையை உறுதி செய்த சபை அது. ஆனால் தலைவராகிய அவருக்கோ அத்திட்டத்தில் முழு உடன்பாடில்லை. அரசாங்கத்தை அதன் சட்டத்தாலேயே மடக்கியவருக்கு, நீதிமன்றத்தைவிட்டு வெளியேறுதல் எளிதில் ஏற்கத்தக்கதாக இராததில் வியப்பில்லை. அவர் தொழில் நடத்திய அதே சேலத்தில் 1900இல் தொழில் தொடங்கிய இராசகோபாலாச்சாரியாரோ வழக்குமன்றத்தைத் துறந்து காந்தியடிகளைப் பின்பற்றினார். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ஆசிரமமும் அமைத்தார். ஓர் ஊரின் இரு வழக்குரைஞர்கள் இவ்வாறு இரு வழிகளில் சென்றனர்.

வைதிகக் குடும்பத்தில் தோன்றியவராயினும், பெண்கள் பருவமெய்திய பின்னரே மணம் செய்யவேண்டும் என்றும், தந்தையின் சொத்தில் மகளுக்கும் பங்கு வேண்டும் என்றும் விஜயராகவாச்சாரியார் வற்புறுத்தினார். 1944ஆம் ஆண்டு ஏப்பிரல் 19ஆம் நாள் அவர் மறைந்தார். தந்தை உயில் எழுதாது விட்டுச்சென்ற சொத்தில் மகளுக்கும் மகனோடு ஒத்த பங்கு வழங்கும் இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இல் வந்தது. கூட்டுக்குடும்பச் சொத்திலும் மகளுக்குச் சமபங்கு என்று தமிழ்நாடு சட்டம் இயற்றியது 1989இல்.