கழற்றிய கூரைக்கு ஓர் இடம்

ஜீப் வகை வண்டிகளின் மேல் போல்ட்டுகளால் பொருத்தப்பட்டு, தேவைப்படும்போது முழுதாகக் கழற்றி எடுக்கத்தக்க கெட்டியான கூரையை ஹார்ட்டாப் என்பர். கான்வாஸ் கூரையை மடித்துப் பின்சீட்டுக்குப் பின்னால் தள்ளிவிடலாம்; ஹார்ட்டாப்புக்கு மடிப்பே கிடையாது என்பதால், கழற்றிய மறுகணமே அதை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுகிறது. அமெரிக்கப் புறநகர் வீட்டின் விசாலமான கராஜை மனத்தில் வைத்து உருவான இந்த வழக்கம், மயிலாப்பூரின் ஓட்டு வீட்டுச் சந்துக்கும், தி.நகரின் அடுக்குமாடித் தூண்களுக்கும், அடையாறு காந்தி நகரின் பழைய கார் ஷெட்டுக்கும் வரும்போது தொழில்நுட்பச் சிக்கல் என்ற நிலையைத் தாண்டி வீட்டுச் சிக்கலாகிவிடுகிறது. கழற்றுவதற்கு ஒரு காலைப் பொழுது போதும். பத்திரமாக வைத்திருப்பதற்கு அந்த வீட்டின் மேற்தளம் எதனால் கட்டப்பட்டது என்பது வரை தெரிந்திருக்க வேண்டும்.

போல்ட் போட்ட கூரை சென்னைக்குப் புதிதன்று. வண்டலூரை ஒட்டி இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்த அந்தக் காரின் கூரை, முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பிலும் பின்பக்க உடற்பகுதியிலும் போல்ட்டுகளால் மட்டுமே பிடிக்கப்பட்டிருந்தது. இதற்குக் காரணம் அழகுணர்ச்சி அல்ல, வணிக நெருக்கடி. ஹெரால்டைத் தயாரித்த இங்கிலாந்து நிறுவனத்துக்கு முழு உடலைச் செய்து கொடுத்துவந்த பிஷர் அண்ட் லட்லோவைப் போட்டி நிறுவனமான பி.எம்.சி. 1953இல் வாங்கிவிட்டது, ஆகவே வெவ்வேறு பட்டறைகளில் செய்த துண்டுகளைத் தனி இரும்புச் சட்டத்தின் மேல் வைத்து முடுக்கும் முறைக்கு ஹெரால்டு தள்ளப்பட்டது. பாரத்தைச் சட்டமே தாங்கியதால் கூரையை எடுத்தாலும் வண்டி குலையவில்லை. துண்டு துண்டாகக் கப்பலேற்றி வேற்று நாடுகளில் கோத்துக்கொள்ளவும் இந்த அமைப்பு தோதாக இருந்தது. இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும் அதன் திறமையை, மாடவீதிகளின் குறுக்குச் சந்துகளில் வண்டி ஓட்டியவர்கள் கூரையைவிட அதிகமாக மெச்சியிருப்பார்கள்.

திறந்த காருக்கு இந்த நகரத்தில் ஓர் இடம் எப்போதும் இருந்தது. திருமணத்துக்கு முந்தைய மாலையில் மாப்பிள்ளையை ஊர்வலமாக அழைத்துவரும் ஜானவாசத்துக்கு, பூச்சரம் தொங்கவிட்ட திறந்த காரை வாடகைக்கு அமர்த்துவது மயிலாப்பூர், தி.நகர் குடும்பங்களில் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. தேர்தல் வந்தால் திறந்த ஜீப் வந்துவிடும். இன்று அந்த ஆசையைத் தூண்டுபவை மஹிந்திராவின் தார், பழைய மாருதி ஜிப்ஸி, 2021 முதல் புனேக்கு அருகே ரஞ்சன்காவில் கோக்கப்படும் ஜீப் ராங்ளர் ஆகியவை.

ஆசைக்கு முன்னால் சட்டம் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றிதழில் உள்ளவற்றுக்கும் முரண்பாடு ஏற்படும் வகையில் உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதியாக வலியுறுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி இத்தகைய மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். ராங்ளரின் கூரை உரிமையாளரே கழற்றுவதற்கென்று தயாரிப்பாளர் வடிவமைத்தது. உரிய கருவியும் வழிமுறையும் வண்டியோடு கொடுக்கப்படுகின்றன. 2020 அக்டோபரில் வந்த தாரின் நிலை வேறு; அதில் ஹார்ட்டாப்பும் மடக்குக் கான்வாஸும் தனித்தனி வகைகளாகவே விற்கப்பட்டன. ஹார்ட்டாப் வகையை வாங்கிக் கூரையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே ஓட்டுவதையும், வெளிச்சந்தையில் ஃபைபர் கூரை வாங்கிக் கான்வாஸ் வண்டியில் பொருத்துவதையும், மந்தைவெளியிலோ திருவான்மியூரிலோ உள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகு செய்வதே நலம். பட்டறைக்காரர் சொல்லும் உறுதிமொழி சாலைச் சோதனையில் உதவாது.

இன்றைய ஹார்ட்டாப்புகளில் பெரும்பாலானவை இரும்புத் தகடு அல்ல. கண்ணாடி இழைகளைப் பிசினில் தோய்த்து இறுக்கிய ஃபைபர் அல்லது அதற்கு இணையான கலவைப்பொருள். துருப்பிடிக்காது என்பது அதன் நற்குணம். சூட்டில் நீண்ட நாள் ஒரே புள்ளியில் பாரம் தாங்கினால் மெல்ல வளைந்துவிடுவது அதன் குறை. நான்கு கதவு ராங்ளரின் கூரைத் துண்டுகள் அனைத்தும் சேர்ந்து அறுபது கிலோவுக்கு மேல் இருக்கும். முன்னிருக்கைகளுக்கு மேலுள்ள இரண்டு சிறு துண்டுகளைக் கைப்பிடித் தாழ்களைத் திறந்து ஒருவரே எடுத்துவிடலாம்; பின்கண்ணாடியோடு சேர்ந்த பெரிய பகுதிக்கு இருவர் தேவை, அவசரமில்லாத நால்வர் இருந்தால் இன்னும் நல்லது. அதைத் தூக்குவதற்கு முன்னால் இரண்டு இணைப்புகளை விடுவிக்க வேண்டும்: பின்வைப்பருக்கும் கண்ணாடிப் பனிநீக்கிக்கும் மின்சாரம் தரும் கம்பிச் செருகி ஒன்று, கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும் மெல்லிய குழாய் மற்றொன்று. போல்ட்டுகளை எண்ணிக் கழற்றியவர்கள்கூட இந்தக் குழாயை மறந்துவிட்டு, கூரை அரையடி எழும்பிய பிறகு அது அறுந்துபோவதைப் பார்ப்பதுண்டு. போல்ட்டுகளின் தலை நட்சத்திரக் குழி உடையது. அளவு பொருந்தாத ஸ்டார் பிட்டைச் செருகித் திருகினால் குழி மழுங்கிவிடும், பிறகு ஆறு மாதம் கழித்து மாட்டும்போது அந்த ஒரு போல்ட்டுக்காகப் பட்டறைக்குப் போக வேண்டியிருக்கும்.

இனி இடம். கூரையின் கீழ்விளிம்பு வண்டியின் பாதுகாப்புக் கம்பிக்கூட்டைத் தாண்டி எழும்பினால்தான் வண்டியைக் கீழிருந்து வெளியே எடுக்க முடியும். அந்தக் கூடு ஏறத்தாழ ஆறடி உயரத்தில் முடிகிறது, கூரையின் பக்கச் சுவரோ இரண்டடியைத் தாண்டும், அதற்கு மேல் கப்பிக்கும் கொக்கிக்கும் ஓரடி. ஆகத் தரையிலிருந்து ஒன்பது அடிக்குக் குறையாத உயரம் வேண்டும். அடையாறில் 1950களிலும் அதன் பிறகும் எழுந்த தனி வீடுகளின் கார் ஷெட்டுகள் பலவற்றில் பத்தடி உயரம் கிடைக்கிறது. அடுக்குமாடிகளின் கீழ்த்தளத் தூண்வெளியிலோ குறுக்கு உத்திரமும் குழாய்களும் போக மிஞ்சுவது மிகக் குறைவு. மேலும் 2010இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி அந்தத் தூண்வெளி குடியிருப்பு முழுமைக்கும் பொதுவான பகுதி; அங்கே தளத்தில் துளையிட்டுத் தன் கூரையைத் தொங்கவிடும் உரிமை தனியொருவருக்கு இல்லை.

உயரம் இருந்தாலும் மேற்தளம் தாங்குமா என்பது வேறு. மயிலாப்பூரின் பழைய வீடுகளில் காணப்படும் மெட்ராஸ் டெரஸ் என்ற தளம், தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின் மேல் செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்புக் கலவையோடு அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவையை இட்டு அடித்து, தட்டோடு பதித்து முடிப்பது. அந்தச் செங்கற்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டுதான் நிற்கின்றன. அதில் ஒரு டிரில் இயந்திரத்தை ஏற்றி ஆங்கர் போல்ட் அடித்தால், பிடிமானம் கிடைக்காததோடு சுண்ணாம்பு நெகிழ்ந்து மழைநீர் இறங்கவும் வழி பிறக்கும். கட்டையில் கொக்கி அடிக்கலாமே என்று தோன்றும். ஆனால் நூறாண்டுப் பழமையான கட்டையின் நுனி சுவருக்குள் கரையானால் அரிக்கப்பட்டிருக்கிறதா என்பது வெளியே தெரிவதில்லை. இத்தகைய வீட்டில் தளத்தைத் தொடாமல், நான்கு ஜி.ஐ. குழாய்களைத் தரையில் ஊன்றி, மேலே குறுக்குக் குழாய் பற்றவைத்த தனிச் சட்டமே சரியான விடை. செலவு சற்றுக் கூடினாலும் வீடு பிழைக்கும். ஆஸ்பெஸ்டாஸோ தகரமோ போட்ட ஷெட்டில் ஷீட்டைத் தாங்கும் ஆங்கிள் இரும்பு, காற்றையும் ஷீட்டின் எடையையும் தாங்கவே கணக்கிடப்பட்டது. அதிலும் இந்தத் தனிச் சட்டமே பொருந்தும்.

கான்கிரீட் தளம் எளிது, ஆனால் கடலோரத்தில் அதற்கும் ஒரு சோதனை உண்டு. பெசன்ட் நகர், அடையாறு பகுதிகளின் உப்புக்காற்று ஊடுருவி உள்ளிருக்கும் கம்பி துருவேறி உப்பும்போது, அடியிலுள்ள சிமென்ட் உறை பிளந்து பெயர்கிறது. சுத்தியலின் கைப்பிடியால் தட்டும்போது கணீரென்று ஒலிக்காமல் பொத்தென்று ஒலிக்கும் இடத்தில் துளையிடக் கூடாது. தளத்தின் நடுவைவிடக் குறுக்கு உத்திரத்தின் பக்கவாட்டில் பிடிப்பது மேல். அறுபது கிலோவை நான்கு புள்ளிகளில் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் பதினைந்து கிலோதானே என்று கணக்கிடுவது தவறு; பின்கண்ணாடி இருக்கும் பக்கம் கனம் கூடுதல், கயிறு நழுவி வெட்டினால் அந்த ஒரு கணத்தில் ஒரே கொக்கியில் பாரம் பலமடங்காகும். ஆகவே ஒவ்வொரு புள்ளியும் முழுக் கூரையையும் தனியாகத் தாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

தூக்கும் கருவி கிணற்றுக் கப்பியின் விரிவுதான். நான்கு இழைகளாகக் கயிறு ஓடும் கப்பித் தொகுதியில் இழுக்கும் விசை நான்கில் ஒன்றாகிறது. அறுபது கிலோவுக்குப் பதினைந்து, உராய்வோடு சேர்த்து இருபது கிலோ இழுவை போதும். இதற்கு ஈடாக, கூரை ஓரடி எழ நான்கடிக் கயிற்றை இழுக்க வேண்டும். கைப்பிடியைச் சுழற்றும் சிறு வின்ச்சில் பிடித்த இடத்தில் நிற்கும் பூட்டு இருப்பதால், தனி ஆளுக்கு அதுவே ஏற்றது. தேங்காய் நார்க் கயிற்றை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. ஈரத்தில் அது இற்றுப்போவது கண்ணுக்குத் தெரியாது. அகலமான நைலான் பெல்ட்டின் மேல், கூரையின் முழு நீளத்தையும் உள்ளிருந்து ஏந்தும்படி ரப்பர் சுற்றிய இரண்டு சதுரக் குழாய்களை வைத்துத் தூக்கினால் ஃபைபர் வளையாது. உயர்த்தி முடித்ததும் கயிற்றை நம்பாமல் நான்கு மூலைகளிலும் தனிச் சங்கிலி மாட்டிவிட வேண்டும்; குழந்தைகள் சைக்கிள் நிறுத்தும் ஷெட்டில் இது கட்டாயம்.

தொங்கவிட இடமில்லாதவர்கள் சக்கரம் வைத்த இரும்புத் தாங்கியில் கூரையைச் செங்குத்தாக நிறுத்துகின்றனர். சுவரோரம் சுமார் மூன்றடி அகலம் போதும். கண்ணாடியின் மீதோ ஒரு மூலையின் மீதோ எடை இறங்காமல், விளிம்பு முழுவதும் பஞ்சுப்பட்டையில் அமர வேண்டும். இந்த முறைக்குச் சென்னையில் உள்ள பகை வெள்ளம். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாற்று நீர் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை வீடுகளின் தரைத்தளத்தில் புகுந்ததையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் தாழ்வான பகுதிகளில் நீர் பல நாள் தேங்கி நின்றதையும் பார்த்தவர்கள், தாங்கியின் கால்களை ஓரிரு அடி உயர்த்திச் செய்யச் சொல்வதில் வியப்பில்லை. சேற்றுநீரில் ஊறிய உள்துணியும் மின்கம்பிகளும் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது.

மூடும் விதத்தில்தான் அதிகத் தவறு நேர்கிறது. பளபளப்பான பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றினால் உள்ளே வியர்த்து, உள்துணியில் பூஞ்சை பிடிக்கிறது. பழைய பருத்தி வேட்டி இரண்டு மூடும் வேலையைச் செலவின்றிச் செய்துவிடும். கூரையின் அடிவிளிம்பில் ஓடும் ரப்பர் பீடிங்கை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் சிலிக்கான் பூச்சு தடவலாம். பட்டறைகளில் கைக்குக் கிடைக்கும் கிரீஸையோ மண்ணெண்ணெயையோ பூசினால் ரப்பர் உப்பி நெகிழ்ந்து, மழைக்காலத்தில் ஒழுகும். விடுவித்த கம்பிச் செருகியின் வாயை டேப்பால் அடைக்காவிட்டால் குளவி மண்கூடு கட்டிவிடும். எலியும் அணிலும் கம்பியின் உறையைக் கடிப்பது வேறு. போல்ட்டுகளை இடம் குறித்துத் தனித்தனிக் கவரில் இட்டு, எண்ணெய் தொட்டு வைப்பது உப்புக்காற்றுக்குப் போதுமான மறுமொழி.

இத்தனையும் எத்தனை மாதப் பயனுக்கு? வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கிறது. மார்ச் முடிவதற்குள் வெயில் ஏறி, திறந்த வண்டியின் இருக்கையில் பகலில் உட்கார இயலாது. பொங்கலிலிருந்து பிப்ரவரி இறுதி வரையுள்ள காலமும், கோடையில் கடற்காற்று இறங்கிய பிறகான மாலைகளுமே மிஞ்சுகின்றன. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை கழற்றி, செப்டம்பருக்குள் மாட்டிவிடும் ஒழுங்கே இந்நகரத்துக்குப் பொருந்தும். மாட்டும்போது எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் விரலால் மட்டும் திருகி, கூரை தன் இருப்பில் அமர்ந்த பிறகு எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக முடுக்கிவிட்டால் மறுபக்கத்தில் பீடிங் சரியாக அழுந்தாது. முன்கண்ணாடிக்கு மேலுள்ள இணைப்பிலிருந்து தொடங்கி, மோட்டார் குழாயால் பத்து நிமிடம் தண்ணீர் அடிக்கும்போது உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்து பார்த்தால், எந்தப் போல்ட்டுக்கு இன்னும் கால் திருகு தேவை என்பது தெரிந்துவிடும்.