பெயர் மாறினால் உறவு நிற்குமா?

கணிப்பொறி நிரலில் ஒரு செயல்முறையின் பெயரை மாற்றுவது சிறு காரியமாகத் தோன்றும். அதனால் நேரக்கூடிய விபரீதம் யாது என்பதை இங்கே ஆராய்வோம்.

1995ஆம் ஆண்டு வெளியான ஜாவா மொழியை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு வகுப்பிலிருந்து மற்றொரு வகுப்பு பிறக்கும். தாய் வகுப்பின் செயல்முறையைச் சேய் வகுப்பு தனக்கேற்ப மாற்றி எழுதிக்கொள்ளலாம். இதனை ‘ஓவர்ரைடிங்’ என்பர். தாயின் செயல்முறை அழைக்கப்படும்போது, அதற்குப் பதிலாகச் சேயினுடையதே இயங்கும்.

இவ்வுறவைக் கணிப்பொறி எங்ஙனம் அறிகிறது? நிரலைக் கம்பைலர் ‘கிளாஸ்’ கோப்பாக மாற்றுகிறது. ‘இது அதற்கு மாற்று’ என்ற குறிப்பு அக்கோப்பில் இராது. பெயரும், ஏற்கும் மதிப்புகளின் வகையும், திருப்பித் தரும் மதிப்பின் வகையும் ஒத்திருந்தால் உறவு உண்டு, ஒவ்வாவிடில் இல்லை. 2004இல் ஜாவாவில் சேர்ந்த ‘ஓவர்ரைட்’ என்னும் குறியீடும் கம்பைலரின் சோதனையோடு மறைந்துவிடும்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இது புதிதன்று. தந்தை பெயரின் முதலெழுத்தை ஓர் ஆவணத்தில் விரித்தெழுதி, மற்றொன்றில் அவ்வாறே விட்டால், இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க அலைய நேரிடுகிறதன்றோ? நாமாவது வாய்திறந்து விளக்கலாம். நிரலுக்கு அவ்வழியும் இல்லை.

ஆண்ட்ராய்டு கைப்பேசிச் செயலிகளின் அளவைக் குறைக்கவும், பிறர் எளிதில் படித்தறியாமல் காக்கவும், புரோகார்டு, ஆர்8 முதலிய கருவிகள் நீண்ட பெயர்களை ‘ஏ’, ‘பி’ எனச் சுருக்குகின்றன. திரையைத் தோற்றுவிக்க ஆண்ட்ராய்டு ‘ஆன்கிரியேட்’ என்னும் செயல்முறையை அழைக்கும். நம் வகுப்பில் மட்டும் அது ‘ஏ’ ஆகிவிட்டால், தாயினுடையதே இயங்கும். நாம் எழுதியது உறங்கிக் கிடக்கும். பிழைச் செய்தியும் வராமல், திரை வெறுமையாய் நிற்கக்கூடும்.

இதற்கு நேர்மாறான இடரும் உண்டு. தொடர்பற்ற இரு செயல்முறைகள் தாயிலும் சேயிலும் ஒரே பெயர் பெற்று, வகைகளும் ஒத்துவிட்டால், இல்லாத உறவு முளைத்துவிடும்.

ஆகவே, இக்கருவிகள் வெளி நூலகத்திலிருந்து வந்த பெயரைத் தொடுவதில்லை. சொந்தக் குடும்பத்தின் பெயரையோ தாய், சேய் அனைத்திலும் ஒருசேர மாற்றுகின்றன. கோட்லின் மொழி, கோப்பில் வேறு பெயர் வைக்க உதவும் ‘ஜேவிஎம்நேம்’ குறியீட்டை, சேய் மாற்றி எழுதத்தக்க செயல்முறைகளுக்கு அனுமதிப்பதே இல்லை.

மாற்றினால் எங்கும் மாற்றுக, இயலாதெனில் விட்டுவிடுக. இதுவே நாம் கொள்ளத்தக்க நெறி.