‘ஒரு சம்பவம் சொல்லுங்கள், அம்மா!’

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில், காலை வேளையில் பெண்கள் பெட்டியில் ஏறிப் பாருங்கள். சர்டிபிகேட் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பெண்ணாவது உட்கார்ந்திருப்பாள். உதடுகள் மட்டும் அசையும். சகஸ்ரநாமம் என்று நினைத்துவிடாதீர்கள். இண்டர்வியூவுக்குப் பாடம் ஒப்பிக்கிறாள்!

பாவம், அந்தப் பாடத்தை அங்கே யாரும் கேட்கப் போவதில்லை.

1931-ல் இந்தத் தடத்தில் மின்சார வண்டி ஓடத் தொடங்கியதிலிருந்து எத்தனையோ தலைமுறை உத்தியோகஸ்தர்களை அது சுமந்துவிட்டது. சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கினால், 1984-ல் ஏற்பட்ட ‘மெப்ஸ்’ ஏற்றுமதி வளாகம். கிழக்கே போனால் சோழிங்கநல்லூர், சிறுசேரிக் கம்பெனிகள். இம்மாதிரி இடங்கள் பலவற்றில், “உங்களிடம் என்னென்ன திறமைகள் உண்டு?” என்று கேட்பதோடு இப்போது விடுவதில்லை. “நெருக்கடியான சமயத்தில் நீங்கள் முடிவெடுத்த சம்பவம் ஒன்று சொல்லுங்கள்” என்கிறார்கள்.

முடிச்சூரில் இருக்கும் என் சிநேகிதி இந்தக் கேள்வியில்தான் சிக்கினாள். கல்யாணத்துக்கு முன் கணக்கு எழுதும் வேலையில் இருந்தவள். குழந்தைகளுக்காக விட்டுவிட்டாள். பதினோரு வருஷங்களுக்குப் பிறகு ஒரு கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. வீட்டுக் கடனுக்குத் தவணை கட்ட ஒரு சம்பளம் போதவில்லை. ஆகவே இந்த வேலை அவளுக்குப் பொழுதுபோக்கு அல்ல.

“எனக்குப் பொறுமை ஜாஸ்தி, சார். எல்லோரையும் அனுசரித்துப் போவேன்” என்றாளாம்.

“சந்தோஷம். எங்கே, எப்போது அப்படிச் செய்தீர்கள்?”

அவ்வளவுதான், வாயடைத்துவிட்டது. “வீட்டில் சும்மா இருந்தவளிடம் சம்பவம் ஏதுடி?” என்று என்னிடம் வந்து அழுதாள்.

சும்மாவா! 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் பட்ட பாட்டை மறந்துவிட்டாளா, என்ன?

“அன்றைக்கு உங்கள் கட்டிடத்தில் என்ன நடந்தது, சொல்லு.”

“நாங்க எல்லாரும் சேர்ந்து மாடிக்குப் போனோம்.”

“யார் யார் எந்த வீட்டில் என்று பட்டியல் எழுதியது யார்?”

“நான்தான்.”

“எல்லா செல்போனையும் அணைத்துவிட்டு, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னது?”

“அதுவும் நான்தான்...”

அரிசியையும் குடிதண்ணீரையும் ஒரே அடுப்படிக்குக் கொண்டுவரச் செய்ததும் அவள்தான். மொட்டைமாடிக் கம்பியில் தன் சிவப்புப் புடவையைக் கட்டிப் படகுக்காரர்கள் கண்ணில் படச் செய்ததும் அவள்தான். படகு வந்தபோது ஓர் ஆசாமி முந்திக்கொண்டு ஏறப் பார்த்தார். “உங்க அம்மாவா இருந்தா முதல்ல யாரை அனுப்புவீங்க?” என்று கேட்டு அவரை ஒதுக்கி நிறுத்தி, மேல்வீட்டுப் பாட்டியையும் கைக்குழந்தைக்காரியையும் முதலில் ஏற்றியிருக்கிறாள். சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு அவள் கதையே ஆச்சரியமாகிவிட்டது.

நம் பெண்களுக்கு இந்த ‘நாங்கள்’ ஒரு திரை மாதிரி. அதன் பின்னால் சௌகரியமாக ஒளிந்துகொள்வோம். வீட்டில் அது நல்ல குணமாக இருக்கலாம். பேட்டியிலோ, மார்க் போடுகிறவருக்கு ‘நான்’ என்ன செய்தேன் என்பது மட்டுமே வேண்டும்.

இந்த முறைக்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர் டேவிட் மெக்லெலண்ட் என்ற அமெரிக்க மனோதத்துவப் பேராசிரியர். 1960-களில் நம் பக்கத்துக் காக்கிநாடாவின் சிறு தொழிலதிபர்களுக்குப் பயிற்சி நடத்திய அதே மனிதர்தான்! புத்திக்கூர்மைப் பரீட்சை மார்க்கை மட்டும் வைத்து ஆளை எடைபோடாதீர்கள், வேலைக்கு வேண்டிய திறனைச் சோதியுங்கள் என்று 1973-ல் ஒரு கட்டுரையில் வாதாடினார். கெட்டிக்காரர்களையும் சாதாரணமானவர்களையும் உட்காரவைத்து, நடந்ததை நடந்தபடி சொல்லச் சொல்லி வித்தியாசம் கண்டுபிடிப்பது அவர் வழி.

ஆகவே சகோதரிகளே, விளம்பரத்தை எடுத்து அதில் என்னென்ன குணம் கேட்கிறார்கள் என்று அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சம்பவம் நோட்டில் எழுதுங்கள். நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, விளைவு என்ன என்ற வரிசையில் இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடியவேண்டும். பலர் நிலைமையை வர்ணிப்பதிலேயே ஒன்றரை நிமிஷத்தைத் தின்றுவிடுகிறார்கள். செய்ததுதான் நீளமாக இருக்கவேண்டும். பள்ளிக்கூட ஆண்டுவிழா, சீட்டுக் கணக்கு, மாமியாரின் ஆஸ்பத்திரி வாசம் எல்லாம் உதவும். அலுவலக அனுபவம் இருந்தால் அதற்கே முதலிடம். தோற்றுப்போன கதை ஒன்றும் கைவசம் இருக்கட்டும். அதையும் கேட்பார்கள்.

கற்பனை மட்டும் வேண்டாம். “அப்புறம்? அவர் என்ன சொன்னார்?” என்று துளைப்பார்கள். மூன்றாவது கேள்வியில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சிநேகிதி மறுபடி வேறோர் இடத்துக்குப் போனாள். வெள்ளக் கதையைச் சொன்னாள். “இப்போது யோசித்தால் எதை மாற்றிச் செய்வீர்கள்?” என்று கேட்டார் அங்கிருந்த அம்மாள்.

“பாட்டியோட மாத்திரைப் பையை முதல்லயே எடுத்து வெச்சிருப்பேன், மேடம். அன்னைக்கு மறந்துட்டேன். அவங்க ராத்திரி பூரா கஷ்டப்பட்டாங்க.”

எழுதிக்கொண்டிருந்த அம்மாள் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாராம்.

வேலை கிடைத்துவிட்டது. சம்பளம் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைச்சல்தான். அதைக் கூட்டிக் கேட்பது எப்படி என்று இப்போது தினமும் எனக்குப் போன் செய்கிறாள்!