பாட்டு நம்முடையது... சேனல் யாருடையது?

மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரி கிளம்பும்போது கவனித்திருக்கிறீர்களா? முன்னால் நாகஸ்வரமும் தவிலும், சுற்றிலும் தூக்கிப் பிடித்த செல்போன்கள். பொழுது சாய்வதற்குள் அந்த மல்லாரி யூடியூபில் ஏறிவிடும். வாசித்தவர் பெயர் பல வீடியோக்களில் இருக்காது. விளம்பரக் காசு வந்தால், அது சேனல் வைத்திருப்பவருக்கு!

கேசட் காலத்தில் பாட்டு வெளிவர வேண்டுமானால் கம்பெனி படியேற வேண்டும். ஒரு தொகையைக் கையில் கொடுத்து எழுதி வாங்கிக்கொள்வார்கள். இணையம் வந்ததும் அந்தப் படியே வேண்டாம் என்றார்கள் சிலர். 2007 அக்டோபரில் இங்கிலாந்தின் ரேடியோஹெட் குழு, ‘இன் ரெயின்போஸ்’ ஆல்பத்தைத் தங்கள் தளத்திலேயே வைத்து, ‘விலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்’ என்றது. சும்மாவும் எடுத்துக்கொள்ளலாம்!

நம்மூரில் 2017 ஜனவரியில், எண்ணூர்க் கழிமுகத்தைக் காக்கச் சொல்லும் ‘சென்னை பொறம்போக்கு பாடல்’ வந்தது. கபேர் வாசுகி எழுத, டி.எம்.கிருஷ்ணா பாடியது. சபா மேடையும் இல்லை, சினிமாவும் இல்லை. நேராக யூடியூப்தான்.

சினிமாவுக்கு வெளியே பிறந்த பாட்டுகளில் பெரிய வெற்றி, 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’. 40 கோடிக்கு மேல் பார்வைகள். ஆனால், மூன்று வருடம் கழித்து, ‘தீ, அறிவு, நான் மூவருக்குமே அந்தப் பாட்டின் வருமானம் வரவில்லை’ என்று வீடியோவில் சொன்னார் சந்தோஷ் நாராயணன். சொந்த ஸ்டூடியோ தொடங்கப்போவதாகவும் அறிவித்தார். வெளியிட்ட நிறுவனம் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். சென்னையின் பிரபலங்களுக்கே கணக்கு இவ்வளவு சிக்கலென்றால், கோயில் வாசலில் வாசிப்பவர் கதி?

பாட்டை ஏற்றுவது சுலபம். ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளுக்கு அனுப்ப விநியோகத் தளங்கள் உண்டு. வருடக் கட்டணம் அல்லது வருமானத்தில் பங்கு கேட்பார்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் 12 எழுத்து, எண்கள் கொண்ட ‘ஐ.எஸ்.ஆர்.சி’ என்ற அடையாளக் குறி கிடைக்கும். அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ, பணமும் அவரிடம்தான் போகும். அதுவும் உடனே வராது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்பட்டால்தான் காசு. யூடியூபில் விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் (குறும்வீடியோக்களுக்குக் கணக்கு வேறு).

இன்னொரு தொல்லையும் உண்டு. தியாகராஜர் கீர்த்தனைக்கு இன்று யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஒரு கம்பெனி பதிவுசெய்து வைத்திருக்கும் ஒலிக்கு மட்டுமே உரிமை உண்டு. யூடியூபின் கம்ப்யூட்டருக்கு இந்த வித்தியாசம் சில நேரம் பிடிபடாது. நீங்களே வாசித்த கீர்த்தனைக்கு ‘இது வேறொருவருடையது’ என்று நோட்டீஸ் வரும். பயந்து வீடியோவை அழித்துவிடாமல், அங்கேயே ஆட்சேபம் பதியலாம். உரிமை கோரியவர் 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் அந்தக் கோரிக்கை விலகிவிடும்.

அடுத்த திருவிழாவுக்கு முன் ஒரு குழு செய்யக்கூடியது இதுதான். வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரைப் பிடித்து, குழுவின் பெயரிலேயே சேனல் தொடங்குங்கள். ராகம், தாளத்தோடு வாசித்த எல்லோருடைய பெயரையும் போடுங்கள். வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, தாளம் போடுகிறவர் உட்பட எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.