எண்பதுகளின் ஜப்பானியக் கூபே வண்டியும் அதனைப் பேணும் முறையும்

ஒரு பொருளை ஆக்குதற்கு வேண்டிய அறிவு ஒன்று. ஆக்கியதனைக் கெடாது காத்தற்கு வேண்டிய அறிவு மற்றொன்று. சென்னையின் மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்னும் ஊர்களும் அவற்றை அடுத்த பாடியும் முன்னைய அறிவிற்குப் பேர்போனவை. அம்பத்தூரில் 1949-இல் சைக்கிள் தொழிற்சாலை தோன்றிற்று. 1960-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் மோட்டார் வண்டிகளுக்குரிய சக்கரம், மின்கருவி, பிரேக் முதலியவற்றைச் செய்யும் சாலைகள் பாடியில் எழுந்தன. ஆவடியில் 1965-இல் 'விஜயந்தா' டாங்கி வெளிவந்தது. பின்னைய அறிவின் அருமையை விளக்குதற்கு, 1980-ஆம் ஆண்டுகளில் ஜப்பான் தேசத்திற் செய்யப்பெற்று நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட 'கூபே' என்னும் விரைவு வண்டியை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

'கூபே' என்பது பிரெஞ்சுச் சொல். 'வெட்டப்பட்டது' என்பது அதன் பொருள். நீண்ட குதிரை வண்டியின் ஒரு பகுதியை வெட்டிக் குறுக்கினாற்போன்ற இருவர் வண்டிக்கு முதலில் இப்பெயர் வழங்கிற்று. மோட்டார் வண்டியிலோ, பெரும்பாலும் இரண்டே கதவுகளும், பின்னோக்கிச் சரிந்த கூரையும், முன்னே இருவர் அமர்தற்குரிய நல்ல இடமும், பின்னே இடமின்மையோ சிறுவர்க்கே போதிய சிற்றிடமோ உடையது கூபே எனப்படும். குடும்பத்தோடு திருத்தணி சென்று வருவதற்கு இஃது ஏற்றதன்று. ஓட்டுவோனது மகிழ்ச்சியையே முதன்மையாகக் கருதி இயற்றப்பட்டது.

சிக்கனத்திற்குப் பெயர்பெற்ற ஜப்பானியர் இத்தகைய வண்டியில் ஏன் கருத்தைச் செலுத்தினர்? 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அவர்தம் சிறு வண்டிகள் அமெரிக்காவில் மிகுதியாக விலைபோயின. அந்நாட்டுத் தொழிலுக்கு அதனால் இடையூறு நேரவே, ஆண்டொன்றுக்கு 16,80,000 வண்டிகளுக்கு மேல் அங்கு அனுப்புவதில்லையென ஜப்பான் 1981-இல் இசைந்தது. எண்ணிக்கை வரையறுக்கப்பட்ட வியாபாரி ஒவ்வொன்றிலும் மிகுந்த ஊதியம் தேடுவது இயல்பன்றோ? விலையுயர்ந்த வண்டிகளில் அவர்கள் ஊக்கங்கொண்டதற்கு இஃது ஒரு காரணமாகும்.

அக்காலத்து வண்டிகளுட் சிலவற்றைக் கூறுவோம். 1983-இல் டொயோட்டா நிறுவனத்தார் வெளியிட்ட 'ஏ.இ. 86' என்னும் வகையில் 1,587 கன சென்டிமீட்டர் அளவுள்ள எஞ்சின் அமைந்தது. சிலிண்டர் ஒன்றுக்கு நான்காக 16 வால்வுகளும், அவற்றை இயக்க இரண்டு கேம் தண்டுகளும் அதற்கு உண்டு. வாயில் பலவாயின் கூட்டம் விரைந்து புகுந்து விரைந்து வெளிப்படுதல் போல, வால்வுகள் பலவாகவே காற்று தடையின்றிச் சென்று, சிறிய எஞ்சினும் மிக்க ஆற்றல் தருகின்றது. 1985-இல் வெளிவந்த இரண்டாந் தலைமுறை மாஸ்டா 'ஆர்.எக்ஸ். 7' வண்டியிலோ பிஸ்டனே இல்லை. அதற்குப் பதிலாக முக்கோண வடிவான சுழலிகள் இரண்டு தத்தம் அறைக்குள் சுழலும்; ஒவ்வொன்றின் மூன்று பக்கங்களிலும் உள்ளிழுத்தல், அழுத்தல், எரிதல், வெளியேற்றல் என்னும் நான்கு தொழில்களும் முறையே நிகழும். முக்கோணத்தின் முனைகளிலுள்ள சிறிய அடைப்புத் துண்டுகள் தேயுமாயின் எஞ்சின் வலிகுன்றும். 1987-இல் வந்த ஹோண்டா 'பிரிலூட்' வண்டியின் ஒரு வகையில், முன் சக்கரங்களேயன்றிப் பின் சக்கரங்களும் திரும்பின.

இவை நம் நாட்டுக் கடைகளில் விற்கப்பட்டவையல்ல. 1983 டிசம்பரில் ஜப்பானிய சுசுகி நிறுவனத்தின் துணையோடு 'மாருதி 800' வெளிவந்ததே நம்மவர்க்குப் பெரும் புதுமையாயிருந்த காலம் அது. வெளிநாட்டில் வாழ்ந்து தாயகம் மீள்வோர் தாம் ஆண்ட வண்டியைச் சுங்கவரி செலுத்திக் கொணர்தலும், தூதரகத்தார் பயன்படுத்திய வண்டிகளை அரசாங்க வாணிபக் கழகத்தின் ஏலத்தில் வாங்குதலுமே பெரும்பாலும் வழிகளாயிருந்தன. பழைய வண்டிகளின் இறக்குமதிக்கு 2001-இல் ஏற்பட்ட விதியின்படி, செய்யப்பட்டு மூன்றாண்டுகளுக்கு மேற்பட்ட வண்டியைப் பொதுவாகக் கொண்டுவருதல் இயலாது. ஆதலின் இன்று இங்கே எஞ்சியுள்ள வண்டி ஒன்று அழியுமாயின், அதனிடத்தை நிரப்ப மற்றொன்று எளிதில் வாராது. பேணுதலின் அவசியம் இங்கேதான் தொடங்குகின்றது.

பேணுதற்கு முதற்பகை நீர். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையும், கடற்காற்றின் ஈரமும் இரும்புக்கு நஞ்சாவன. சக்கர வளைவின் உட்புறம், கதவின் அடிவிளிம்பு, முன் கண்ணாடியின் கீழ்ப்பக்கம் ஆகிய இடங்களில் தகடுகள் ஒன்றன்மேலொன்று படிந்திருத்தலின், அங்கே தங்கிய நீர் மறைவிலேயே துருவை வளர்க்கும். நீர் வடிதற்குரிய சிறு துளைகளை வேப்பஞ்சருகு அடைத்துவிடும்; மழைக்கு முன் அவற்றைத் துப்புரவு செய்தல் வேண்டும். தார்ப்பாயால் இறுக மூடுதல் நன்றென்று பலர் எண்ணுவர். அஃது ஈரத்தை உள்ளே அடைத்துவைத்தலின் தீமையே தரும். காற்றோட்டமுள்ள கூரையின்கீழ்ப் பருத்தித் துணியால் மூடுதலே நலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்ததை நேயர் மறந்திரார். ஆதலின் நிறுத்துமிடம் மேட்டுநிலமாயிருத்தல் வேண்டும்.

இரண்டாவது பகை எரிபொருளே என்றால் வியப்பாயிருக்கும். 2025-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் நிலை எய்தப்பட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்பினது. பழைய ரப்பர்க் குழாய்களை மென்மையாக்கி வெடிக்கச் செய்யவும் வல்லது. எண்பதுகளில் இவ்வண்டிகளைச் செய்தோர் இதனை எதிர்நோக்கியவரல்லர். எரிபொருட் குழாய்களை எத்தனால் தாங்கும் வகையினவாக மாற்றுதலும், பெட்ரோலை மாதக்கணக்கில் தேங்கவிடாமையும் தீக்கும் பழுதுக்கும் ஒருங்கே காப்பாம். குளிர்சாதனத்திற்கும் இத்தகைய இடர் உண்டு. அக்காலத்து 'ஆர். 12' என்னும் வாயு ஓசோன் படலத்தைச் சிதைப்பதாதலின், 1987-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையின் வழி விலக்கப்பட்டது. வேறு வாயுவை நிரப்புங்கால் உள்ளே ஓடும் எண்ணெயையும் அடைப்பான்களையும் உடன் மாற்றாவிடில் கம்பிரசர் கெடும்.

மூன்றாவது பகை ஓய்வு. காட்சிப்பொருளாக நிறுத்திவைக்கப்பட்ட வண்டி, ஓடும் வண்டியினும் விரைவில் மூப்படையும். அடைப்பான்கள் உலர்ந்து சுருங்கும். பிரேக் எண்ணெய் ஈரம் உண்ணும். எலி மின்கம்பிகளைக் கடிக்கும். இரண்டு வாரத்திற்கொருமுறை, எஞ்சின் முற்றும் சூடேறும் அளவிற்குப் பூந்தமல்லியினின்று திருப்பெரும்புதூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஓட்டிவருதல் சாலும். நின்றவாறே சிறிது நேரம் முடுக்கி நிறுத்துதல் போதாது. புகைக்குழாயில் நீர் தங்கித் துருப்பிடிக்கும்.

உதிரி உறுப்புக்கள் கிடையாவே என்பாரும் உளர். உண்மையே; ஆயினும் இப்பகுதியினர்க்கு ஒரு நற்பேறு உண்டு. புஷ், அச்சு, தாங்கி முதலியவற்றை மாதிரி பார்த்துக் கடைந்து தரும் லேத்துப் பட்டறைகள் அம்பத்தூரில் உள்ளன. திருவள்ளூரில் 1998 முதல் மிட்சுபிஷி 'லான்சர்' வண்டிகள் செய்யப்பட்டமையால், ஜப்பானிய முறையை நேரிற் பயின்ற தொழிலாளரும் இப்பகுதியில் உண்டாயினர். ஆனால் கைத்திறன் மிக்க இடத்தில் ஓர் அபாயமும் உண்டு: எதனையும் புதிதாக்கிவிடும் ஆசை. தேய்ந்த பிரேக் ரப்பரை மாற்றுதல் உயிர்க்காப்பு. மங்கிய இருக்கைத் துணியைக் கிழித்தெறிந்து பளபளக்கும் தோல் தைத்தல் பேணுதலன்று. முதல் வண்ணமும், முதல் துணியும், எழுத்துப் பொறித்த சிறு சீட்டுகளும் ஒருமுறையே உள்ளவை. நீக்கியே ஆகவேண்டிய உறுப்பையும் எறியாது, பெயரும் தேதியும் எழுதிப் பெட்டியில் வைத்தல் வேண்டும்.

இனிச் சட்டத்தைக் காண்போம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவு 15 ஆண்டுகள் செல்லும்; பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்தல் வேண்டும். இறக்குமதியான காருக்கு இதன் கட்டணம் 2022 ஏப்பிரலில் 15,000 ரூபாயினின்று 40,000 ரூபாயாயிற்று. 20 ஆண்டுகளுக்கு மேற்பட்டவற்றிற்கு 2025 ஆகஸ்டில் 80,000 ரூபாயாயிற்று. மற்றொருபுறம், 50 ஆண்டு நிறைந்த வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகத் தனியே பதிவு செய்ய 2021-இல் விதி வகுக்கப்பட்டது. 1985-இல் செய்யப்பட்ட கூபே 2035-இலேயே அத்தகுதி பெறும். அதுகாறும் அது பழையதென்று மிகுந்த கட்டணம் செலுத்தும். தொன்மையானதென்னும் சலுகையோ பெறாது. இவ்விடைக்காலத்திலேதான் பல வண்டிகள் பழைய இரும்பு வியாபாரியின் கைக்குச் செல்லக்கூடும்.

புகை மிகுந்த பழைய வண்டிகள் ஒழிதல் நாட்டுக்கு நன்றென்பதை நாம் மறுக்கவில்லை. நாடோறும் ஓடும் ஆயிரம் வண்டிகளுக்கு அது தகும். மாதம் இருமுறை ஓடும் ஒன்றிரண்டு வண்டிகளோ, ஒரு காலத்தின் யந்திரக்கலையைக் கண்ணாற் கண்டு கையால் தொட்டறியத்தக்க பாடநூல்களாம். நம் மாணவருள் யந்திர நூல் பயில்வோர், இத்தகைய வண்டி அண்மையில் இருப்பதாக அறியின், உடையவரிடம் இசைவு பெற்று ஒரு முறை அதன் மூடியைத் திறந்து பார்ப்பாராக. அதனைப் பல்லாண்டு கவனித்துவந்த மெக்கானிக் உடனிருப்பாராயின், அவர் கூறுவனவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வாராக. எந்த நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும், எந்த ஓசை எந்தப் பழுதைக் காட்டும் என்பன அவர் நினைவில் மட்டும் இருப்பின், 2035-இல் வண்டி எஞ்சினும் அதனை ஓடச்செய்வார் எஞ்சார்.