கணக்கில் வராத வரவு

கொல்கத்தாவின் சாக்கடை நீரைச் சுத்தப்படுத்தி மீனும் தருகின்றன அதன் கிழக்குச் சதுப்பு நிலங்கள். மாநகரம் இதற்குப் பைசா கொடுப்பதில்லை. சிக்கலே அதுதான்.

கொல்கத்தாவில் நாளொன்றுக்குச் சுமார் 75 கோடி லிட்டர் கழிவுநீர் சேருகிறது. அதில் பெரும்பகுதி கால்வாய்கள் வழியே கிழக்கு நோக்கி ஓடுகிறது. வழியில் 'பேரி' எனப்படும் மீன் குளங்களுக்குள் அதைத் திருப்பிவிடுகிறார்கள் மீன் வளர்ப்போர். குளங்களில் ஆழம் குறைவு. அதனால் வெயில் நன்றாக இறங்குகிறது. பாசி பெருகி ஆக்ஸிஜன் தருகிறது, பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கின்றன. பாசியைத் தின்று ரோகுவும் கட்லாவும் வளர்கின்றன. கரையோர ஆகாயத்தாமரை, அலை மோதி வரப்பு கரையாமல் காக்கிறது. உலோக நச்சிலும் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. இந்த வேலைக்கு மோட்டாரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஆண்டுக்கு 10,000 டன்னுக்கு மேல் மீன் கிடைக்கிறது.

1980களின் தொடக்கத்தில், நகரத்துச் சாக்கடை எங்கே போகிறது என்று தேடிப் போன அரசுப் பொறியாளர் துருவஜோதி கோஷ் இதைக் கண்டு வியந்தார். ஏட்டுப் படிப்பில்லாத மீனவர்கள் தலைமுறைகளாகச் செய்துவந்த வேலை இது. மாநகரத்துக்கு இயற்கை வழங்கும் மானியம் என்று அதை வர்ணித்தார் கோஷ். 2018இல் மறையும்வரை இந்த நிலங்களுக்காக வாதாடினார்.

வாதாட வேண்டியிருந்தது. 1960களிலேயே வடபகுதிச் சதுப்பைத் தூர்த்து சால்ட் லேக் நகரம் எழுந்துவிட்டது. மிச்சத்தைக் காக்க 'பப்ளிக்' என்ற குடிமக்கள் அமைப்பு வழக்குப் போட்டது. 1992இல் நிலப் பயன்பாட்டை மாற்றக் கூடாது என்றது உயர் நீதிமன்றம். 2002இல் 12,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2006இல் தனிச் சட்டமும் வந்தது. ஆனாலும் ஆக்கிரமிப்பு ஓயவில்லை.

காரணம், கணக்கு எழுதும் முறை. பேரி சாக்கடையைச் சுத்தம் செய்தால் அது எந்தப் பேரேட்டிலும் ஏறாது. அதே பேரியைத் தூர்த்து மனை போட்டு, பிறகு கோடிக்கணக்கில் செலவழித்து சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் சிமெண்ட், மின்சாரம், சம்பளம் எல்லாமே நாட்டின் உற்பத்தியில் சேரும். இழப்பே வளர்ச்சியாகிவிடுகிறது!

சதுப்புக்கு மதிப்புப் போடுங்கள் என்கிறார்கள் பொருளாதார நிபுணர்கள். சரிதான், ஆனால் எச்சரிக்கை தேவை. காட்டா கணக்கில் விலை பேசினால் ஜெயிப்பது ரியல் எஸ்டேட்தான். மனை விலை கைக்கு வருவது ஒரே ஒரு முறை. பேரியின் வரவோ ஆண்டுதோறும் வருவது, பேரனுக்கும் மிச்சமிருப்பது. அந்த வரவைத்தான் கணக்கிட வேண்டும்.

கணக்கிட்டால் மட்டும் போதாது. மீனவருக்குக் கிடைப்பது மீனின் விலை மட்டுமே. நகரத்தைச் சுத்தம் செய்ததற்குக் கூலி இல்லை. வண்டல் படிந்து குளங்கள் மேடாகின்றன. தூர் வாரும் செலவையாவது மாநகரம் ஏற்றால் பேரியை விற்கும் ஆசை குறையும். புதிதாக ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டி, காலமெல்லாம் அதற்கு மின் கட்டணம் செலுத்துவதை எண்ணிப் பார்த்தால், இது சல்லிசான பேரம்.