பெயரில் விழுந்த கடனும் உடம்பில் ஏறும் பிரஷரும்



இந்தப் பகுதியில் இனிப்புநீர், டெங்கி, பூச்சிமருந்து என்றுதான் படித்திருப்பீர்கள். இம்முறை கடனைப் பற்றிப் படிக்கப் போகிறீர்கள். "டிரெசருக்கும் கடனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்க வேண்டாம். சம்பந்தம் இருக்கிறது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் சிலருக்குப் பிரஷர் இறங்குவதில்லை. அவர்களை உட்கார வைத்துப் பொறுமையாக விசாரித்தால், காரணம் உப்பிலும் இருக்காது, கொழுப்பிலும் இருக்காது. அலமாரியில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்த ஒரு கடிதத்தில் இருக்கும்.

பேங்கிலிருந்தோ வக்கீலிடமிருந்தோ வந்த கடிதம் அது. அதில் இருப்பது உங்கள் பெயர், உங்கள் ஐ.சி. நம்பர். கடன் மட்டும் நீங்கள் வாங்கியதல்ல. வாங்கியவர் மகனாக இருக்கலாம், தம்பியாக இருக்கலாம், மருமகனாகவோ கட்டிய கணவராகவோ இருக்கலாம்.

வெளி ஆள் ஏமாற்றினால் ஊரைக் கூட்டிச் சத்தம் போடுகிறோம். வீட்டு ஆள் ஏமாற்றினால், "போனா போகுது, நம்ம புள்ளதானே" என்று வாயை மூடிக்கொள்கிறோம். இரண்டு மாதம் தவணையும் கட்டிப் பார்க்கிறோம். கடனை வளர்ப்பது இந்த மௌனம்தான். உடம்பைக் கெடுப்பதும் இதுதான்.

உடம்பில் நடப்பது என்ன?

பயம் வந்தால் உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது. இருதயம் வேகமாக அடிக்கும். ரத்தக் குழாய் சுருங்கும். ஈரல் தன்னிடமுள்ள சர்க்கரையை ரத்தத்தில் விடும். பாம்பைக் கண்டு ஓடும்போது இது நல்லது. பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். கடன் பயம் அப்படி அடங்குவதில்லை. டெலிபோன் அடிக்கும் ஒவ்வொரு முறையும், லயத்து வாசலில் மோட்டார் நிற்கும் ஒவ்வொரு முறையும் அது திரும்ப வரும். தூக்கம் போகும். வயிறு எரியும். தலை கனக்கும். பிரஷர் 140/90-க்கு மேலேயே நிற்கும். இனிப்புநீர்க்காரருக்குச் சர்க்கரை ஏறும்.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. தவணை கட்டுவதற்காகச் சிலர் மருந்தை நிறுத்துகிறார்கள். கிளினிக்குக்குப் போகும் நாளைத் தள்ளிப் போடுகிறார்கள். மீனும் கீரையும் வாங்க வேண்டிய இடத்தில் வெறும் மீயைத் தின்று படுக்கிறார்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். எந்தக் கடனுக்காகவும் மருந்தை நிறுத்தாதீர்கள்.

துண்டு தந்த பாடம்

அடுத்தவர் எழுதிய கடன் நம் தலையில் விழுவது நமக்குப் புதிதல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் முன்பு 'துண்டு' என்று ஒன்று இருந்தது. ஊரிலிருந்து ஆள் திரட்டிக்கொண்டு போன கங்காணி பல சமயம் அதே ஊர்க்காரர், உறவுக்காரர். வழிச் செலவு, முன்பணம் எல்லாம் அவர் கணக்கில் ஏறும். கணக்கு எழுதுகிறவர் அவர், கடன்காரன் தொழிலாளி. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவோம் என்று பழைய தோட்டத்தில் ஒரு சீட்டு எழுதித் தருவார்கள். அதுதான் துண்டு. புதுத் தோட்டம் அந்தப் பணத்தைக் கட்டும். தோட்டம் மாறுமே தவிர கடன் மாறாது. 1921-இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள்.

மலாயாவில் 1907-இல் தமிழ்க் குடியேற்ற நிதி ஏற்பட்டது. முதலாளிமார் கட்டிய பணத்தில் கப்பல் செலவு நடந்தது. தொழிலாளி தலையில் அந்தச் செலவு கடனாக ஏறவில்லை. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறையும் முடிந்தது.

துண்டு காலத்தில் உறவுக்காரர் கையிலிருந்த கணக்கைத் தொழிலாளி பார்க்க முடியவில்லை. இன்று பார்க்க முடியும். அப்படியிருந்தும் நம்மில் பலர் பார்ப்பதில்லை.

உங்கள் பெயரில் என்ன இருக்கிறது?

அந்தக் கணக்கின் பெயர் சிசிரிஸ். பேங்க் நெகாரா 2001 முதல் இதை நடத்தி வருகிறது. எந்தப் பேங்கில் உங்கள் பெயரில் எவ்வளவு கடன், இன்னும் எவ்வளவு பாக்கி, கடந்த 12 மாதம் தவணை கட்டப்பட்டதா என்பதெல்லாம் அதில் வரும். உங்கள் கணக்கைப் பார்க்க உங்களுக்குக் காசு கிடையாது. ஏ.கே.பி.கே. அலுவலகத்திலும் கேட்கலாம். இது பேங்க் நெகாரா 2006-இல் ஏற்படுத்திய கடன் ஆலோசனை நிலையம். ஆலோசனையும் இலவசம். டெலிபோன் 03-2616 7766. காசு வாங்கிக்கொண்டு "சிசிரிஸில் பெயரை அழித்துத் தருகிறேன்" என்று சொல்லி வருகிறவனை நம்பாதீர்கள்.

மூன்று வகை, மூன்று வழி

கணக்கைப் பார்த்த பிறகு உங்களுடையது எந்த வகை என்று யோசியுங்கள். இதில் உங்களையே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது.

முதல் வகை: உங்களுக்குத் தெரியாமல் உங்கள் ஐ.சி.யை எடுத்து, உங்களைப்போல் கையெழுத்துப் போட்டு, அல்லது உங்கள் டெலிபோனுக்கு வந்த டேக் நம்பரைப் பார்த்து எடுத்த கடன். இது மோசடி. நீங்கள் செய்யாத ஒப்பந்தத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை என்று எதிர்த்து நிற்க உங்களுக்கு உரிமை உண்டு.

இரண்டாம் வகை: "சும்மா ஒரு கையெழுத்து அப்பா" என்று கேட்டான், படிக்காமல் போட்டுவிட்டீர்கள். கையெழுத்து உங்களுடையது. "நான் போடவே இல்லை" என்று இப்போது சொன்னால் நிற்காது. ஆனால் வழி இல்லாமல் போகவில்லை. லாபம் எதுவும் பெறாமல் ஒருவரின் சொந்த வாகனக் கடனுக்கோ, குடியிருக்கும் வீட்டுக் கடனுக்கோ, படிப்புக் கடனுக்கோ ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது என்று 2017-இல் சட்டம் திருத்தப்பட்டது. பணம் கேட்டு வழக்குப் போட மட்டும் அவர்களுக்கு வழி இருக்கிறது. ஏ.கே.பி.கே.யிடம் போனால் உங்கள் சம்பளத்துக்குத் தக்கபடி தவணையைப் பிரித்துக் கட்ட பேங்குடன் பேசுவார்கள்.

மூன்றாம் வகை: ஆலோங் கடன். மகன் வாங்கிவிட்டு உங்கள் ஐ.சி. நகலையும் வீட்டு விலாசத்தையும் கொடுத்திருப்பான். லைசென்ஸ் உள்ள வட்டிக்கடை ஈடு இல்லாத கடனுக்கு வருடத்துக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. ஈடு வைத்திருந்தால் 12 விழுக்காடு. அதாவது ஈடு இல்லாவிட்டாலும் மாதம் நூற்றுக்கு ஒன்றரை வெள்ளிதான். லைசென்ஸ் இல்லாமல் வட்டிக்கு விடுவது 1951-ஆம் ஆண்டு வட்டிக்கடைச் சட்டப்படி குற்றம். 250,000 வெள்ளி முதல் பத்து லட்சம் வெள்ளி வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். வாசலில் வந்து மிரட்டினால் பேரம் பேச வேண்டாம். நேரே போலீஸுக்குப் போங்கள்.

செய்ய வேண்டியவை

மோசடி என்று தெரிந்தால் வரிசையாகச் செய்யுங்கள்.

1. விசாரிக்கும் முன் ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டிய தவணையைக் காட்டி, கடனை ஒப்புக்கொண்டீர்கள் என்று சொல்ல அவர்களுக்கு இடம் கிடைக்கும்.

2. போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள். ரந்தாவிலும், லின்சம், சிலியாவ் பக்கமும் இருப்பவர்கள் அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்குப் போகலாம். தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லுங்கள். மகன் என்று தெரிந்தும் "யாரோ" என்று எழுதி வைப்பது பொய் ரிப்போர்ட் ஆகும்; அதுவும் குற்றம்.

3. பேங்குக்கு எழுத்தில் கொடுங்கள். கடன் மனு, ஐ.சி. நகல், சம்பளச் சீட்டு, கையெழுத்து எல்லாவற்றின் நகலையும் கேளுங்கள். கடிதத்தின் பிரதியில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

4. மனுவில் உள்ள தேதியைப் பாருங்கள். அன்று நீங்கள் பிரட்டுக்கு வந்து வேலை செய்திருந்தால் ஆபீஸ் செக்ரோல் சாட்சி சொல்லும். வார்டில் படுத்திருந்தால் ஆஸ்பத்திரிப் புத்தகம் சாட்சி சொல்லும். கிராணியிடம் கேட்கத் தயங்க வேண்டாம். சங்கத் தோட்டக் கமிட்டித் தலைவரைக் கூட அழைத்துப் போங்கள்.

5. பேங்க் பதில் சொல்லாவிட்டால் பேங்க் நெகாராவின் டெலிலிங்க், 1-300-88-5465.

6. கோர்ட்டிலிருந்து தாள் வந்தால் பானைக்குப் பின்னால் சொருகாதீர்கள். நாள் தவறினால் நீங்கள் இல்லாமலேயே தீர்ப்பாகிவிடும். அன்றே சங்க அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள், அல்லது சிரம்பானிலுள்ள சட்ட உதவித் துறையில், அதாவது ஜபத்தான் பந்துவான் குவாமானில், காட்டுங்கள்.

"போலீஸுக்குப் போனா எம்புள்ள கதி?"

இந்தக் கேள்விக்கு இனிப்பான பதில் கிடையாது. ஏமாற்றிக் கடன் வாங்குவது தண்டனைச் சட்டம் 420-ஆம் பிரிவின் கீழ் வரலாம். அதற்குப் பத்து வருடம் வரை சிறை உண்டு. ரிப்போர்ட் கொடுத்த பிறகு வழக்கு நம் கையில் இருக்காது. பெற்ற வயிறு துடிக்கத்தான் செய்யும். அதனால் சில குடும்பங்கள் தாங்களே கட்டிவிடுவது என்று முடிவு செய்கின்றன. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கட்டுவதானால் இருட்டில் கட்டாதீர்கள் என்பதுதான் இங்கே சொல்வது.

வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லாரும் உட்காருங்கள். மொத்தம் எவ்வளவு, இதே மாதிரி இன்னும் எங்கே இருக்கிறது, பணம் எங்கே போனது என்று அவன் வாயால் சொல்லட்டும். சிசிரிஸ் தாளை வைத்து ஒத்துப் பாருங்கள். அவன் சம்பளத்திலிருந்து மாதம் எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பணம் சூதாட்டத்திலோ போதையிலோ போயிருந்தால், நீங்கள் கடனை அடைப்பது ஓட்டைத் தொட்டியில் தண்ணீர் ஊற்றுகிற கதை. அவனை முதலில் கிளினிக்குக்குக் கூட்டி வாருங்கள். அதற்கும் வைத்தியம் இருக்கிறது. சேமநிதியில் 2024 முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்கு ஒன்று வந்திருக்கிறது. பிள்ளை கடனுக்கு அதைத் துடைத்துக் கொடுத்துவிட்டால், வேலை நின்ற பிறகு கஞ்சிக்கு யாரிடம் போவீர்கள்?

அதோடு, ஐ.சி.யும் ஏ.டி.எம். கார்டும் உங்களிடமே இருக்கட்டும். இரகசிய நம்பரும் டேக் நம்பரும் பேரப் பிள்ளைக்குக்கூடச் சொல்லாதீர்கள். ஐ.சி. நகல் கொடுத்தால் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காகக் கொடுத்தது என்று மேலே எழுதிக் கொடுங்கள்.

உயிர் முந்தி, கடன் பிந்தி

கடன்பட்ட வீட்டில் யாராவது சாப்பிடாமல், பேசாமல் உட்கார்ந்திருந்தால், "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று சொன்னால், அதை விளையாட்டுப் பேச்சாக எடுக்காதீர்கள். தனியே விடாதீர்கள். புல் மருந்து, பூச்சி மருந்து வீட்டில் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். ராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக் கதவைத் தட்டுங்கள். "போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்று பயந்து மறைக்க வேண்டியதில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது. பேசுவதற்கு ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555, பிஃப்ரெண்டர்ஸ் எண் 03-7627 2929.

ஒளித்து வைத்த கடிதம் இருந்தால் இந்த வாரமே வெளியே எடுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் காட்டுங்கள். சங்கக் கமிட்டிக்காரராக இருக்கலாம், உடன் பிறந்தவராக இருக்கலாம், தோட்ட ஆஸ்பத்திரியாகவும் இருக்கலாம். வரும்போது உங்கள் மருந்துப் புத்தகத்தையும் கொண்டு வாருங்கள். பிரஷரையும் அளந்து பார்த்துவிடுவோம்.